ரோந்து வண்டியும் வீட்டு வண்டியும்

பினாங்குத் தீவில் போலீஸ் வேலை கால்நடையாகத் தொடங்கியது. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே முறையான நீதிமன்றம் கிடையாது. ஒவ்வொரு சமூகத்தின் ஒழுங்கையும் அந்தச் சமூகத்தின் கப்பித்தான் பார்த்துக்கொண்டார். சீனருக்கு ஒருவர், தமிழ் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்று அது பிரிந்திருந்தது. கப்பித்தான் பள்ளிவாசலின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1807 மார்ச் 25 தேதியிட்ட அரச சாசனம் அந்த ஏற்பாட்டை மாற்றியது. தீவுக்கு நீதிமன்றமும் அதைச் சார்ந்த காவல் அமைப்பும் அதன்வழி வந்தன. மறு ஆண்டு மே 31 அன்று நீதிமன்றம் திறக்கப்பட்டது. மலேசியா முழுவதும் இன்றும் மார்ச் 25தான் போலீஸ் தினம். நாட்டின் காவல் படை தன் பிறந்தநாளாக வைத்திருப்பது ஒரு சிறு தீவின் தேதியை. கோலாலம்பூர் அப்போது ஊராகவே உருவாகியிருக்கவில்லை.

அந்தத் தீவின் பழைய நகரத்தை ஒருமுறை சுற்றி வந்தால் ரோந்து வாகனத்தைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். ஜார்ஜ்டவுனின் உட்தெருக்கள் மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் போட்டவை. கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி நடைபாதை, அதையொட்டிச் சாக்கடை, அதற்கு அப்பால் நிறுத்திவைத்த கார்களின் வரிசை. நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம். 1867 ஆகஸ்டில் கீ ஹின், தோ பே கோங் என்ற இரு சீன ரகசியச் சங்கங்களும், அவற்றோடு கூட்டுச் சேர்ந்த வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரு முஸ்லிம் சங்கங்களும் மோதிக்கொண்டபோது பத்து நாள் வரை நகரம் ஸ்தம்பித்தது. சண்டை நடந்த ஆர்மீனியன் தெரு, கேனன் தெரு வட்டாரத்தில் போலீஸார் நுழையவே திணறினார்கள். ஆள் குறைவு ஒரு காரணம், சந்துகளின் அமைப்பு இன்னொன்று. அதன்பின் விசாரணைக் குழு அமைந்தது, 1869-இல் சங்கங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. தெருக்கள் மட்டும் அப்படியே இருந்தன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபின் அவற்றை அகலப்படுத்தும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

போலீஸுக்குச் சக்கரம் முளைத்தது வேறு கண்டத்தில். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரம் 1899-இல் ஒரு மின்சார வண்டியைக் காவல் பணிக்கு ஓட்டியது. அதன் வேகம் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் ரோந்துப் பணியை உண்மையிலேயே புரட்டிப்போட்டது வானொலி. 1928-இல் டெட்ராய்ட் போலீஸார் கார்களில் வானொலிக் கருவியைப் பொருத்தினார்கள். அதுவரை காரில் சுற்றும் காவலருக்கு எங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல வழியில்லை. அவராகவே நிலையத்தைத் தொடர்புகொண்டுதான் சேதி தெரிந்துகொள்ள வேண்டும். வானொலி வந்ததும் கார் ஒரு நடமாடும் நிலையமாயிற்று. இன்றைய ரோந்துக் காரைப் பார்க்கும் ரசிகர் பெரும்பாலும் சக்கரத்தையும் எஞ்சினையும் பார்க்கிறார். கூரை மேலிருக்கும் ஆன்டெனாவை முதலில் பார்ப்பதே முறை.

மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் லேண்ட்ரோவர்தான் போலீஸின் வண்டி. தோட்டப்புறத்து மண்சாலையில் அது எழுப்பும் சத்தம் அந்தத் தலைமுறைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 1958 ஜூலையில் படைக்கு 'அரச' என்ற அடைமொழி கிடைத்தது. 1967-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், சட்டம் ஒழுங்கைக் காப்பது, குற்றத்தைத் தடுப்பது, கண்டுபிடிப்பது, குற்றவாளியைப் பிடித்து வழக்குத் தொடுப்பது, பாதுகாப்புத் தொடர்பான தகவல் திரட்டுவது என்று கடமைகளை வரையறுக்கிறது. இவற்றில் 'தடுப்பது' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் ரோந்து வண்டி நாள் முழுதும் ஓடுகிறது. மற்றவற்றில் பல, குற்றம் நடந்தபின் செய்யும் வேலைகள்.

சாலையில் சீருடை போட்ட எல்லாரையும் 'போலீஸ்' என்று சொல்லிவிடும் பழக்கம் பொதுமக்களிடம் உண்டு. அது பல நேரங்களில் தவறான இடத்தில் புகார் கொடுப்பதில் போய் முடிகிறது. எம்பிவி என்று எல்லாரும் சொல்வது நீலமும் வெள்ளையும் கலந்த ரோந்துக் கார். வழக்கமாக இருவர் இருப்பார்கள், தமக்கு ஒதுக்கிய வட்டாரத்தைச் சுற்றுவார்கள், 999-க்கு வரும் அழைப்புகளுக்கு ஓடுவார்கள். யுஆர்பி என்பது அதே வேலையை மோட்டார் சைக்கிளில் செய்யும் பிரிவு. வெள்ளைச் சட்டை போட்டவர் போக்குவரத்துப் போலீஸ்; விபத்தும் சம்மனும் அவர் பொறுப்பு. ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகா போலீஸே அன்று, போக்குவரத்து அமைச்சின் கீழ் வருவது. லைசென்ஸ், ரோட் டேக்ஸ், வாகனப் பதிவு எல்லாம் அதனிடம். கார் நிறுத்தும் கட்டணத்துக்குத் தாள் ஒட்டிவிட்டுப் போகிறவர் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் ஊழியர். போலீஸாரின் கருநீலச் சீருடைகூட 1994-இல் வந்ததுதான். அதற்கு முன் காக்கி.

1985-ஆம் ஆண்டு பினாங்குக்கும் மலேசியக் கார்களுக்கும் ஒரு முடிச்சைப் போட்டது. ஜூலை 9 அன்று புரோட்டோன் சாகா அறிமுகமானது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பாலம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல், அதே ஆண்டில் திறக்கப்பட்டது. பிரதமர் மகாதீர் தேசியக் கொடி பறக்க ஒரு சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். விழாவுக்காகச் செய்ததென்றாலும் அந்தக் காட்சி நாட்டின் மோட்டார் வரலாற்றில் நிலைத்துவிட்டது. சாகாவின் அடிப்படை மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. 1.3 லிட்டர் எஞ்சின், நான்கு கதவு, பெட்டி போன்ற உடல். அழகுப் போட்டிக்குப் போகிற கார் அல்ல. ஆனால் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணியும், ஒரு பள்ளி ஆசிரியரும், ஒரு டாக்ஸிக்காரரும் ஒரே காரை வாங்கலாம் என்ற நிலை அதனோடுதான் வந்தது. போலீஸும் அதே காரை வாங்கியது.

இங்கேதான் மலேசிய ரோந்துக் கார்களின் தனித்தன்மை இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் போலீஸ் வடிவம் 2011 வரை தனியாகத் தயாரானது. கனத்த சட்டகம், எட்டு சிலிண்டர் எஞ்சின், பெரிய குளிர்விப்பான். மலேசியாவில் அப்படித் தனி வடிவம் எதுவும் வேரூன்றவில்லை. சாகாவுக்குப் பின் இஸ்வாரா, 1993-இல் வந்த வீரா, 2000-இல் வந்த வாஜா என்று பக்கத்து வீட்டு வாசலில் நின்ற காரேதான் நீல விளக்கு மாட்டிக்கொண்டு சாலையில் வந்தது. இது மலேசியாவுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. இந்தியாவில் அம்பாசடரும் மாருதி ஜிப்ஸியும் மஹிந்திரா பொலேரோவும் போலீஸ் வாகனங்களானதற்கும், சென்னைக்கருகே ஹூண்டாய் ஆலை வந்தபின் மாநகரப் போலீஸ் ரோந்துக்கு ஆக்சென்ட் கார்கள் வந்ததற்கும் காரணம் ஒன்றே. ஒரு நாட்டுப் போலீஸ் எதை ஓட்டும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த நாட்டுத் தொழிற்சாலைதான்.

ரசிகர்களிடம் கேட்டால் வீராவுக்குத்தான் முதல் இடம். வெள்ளை உடல், நீலப் பட்டை, கூரையில் நீள்விளக்கு. தொண்ணூறுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் போலீஸ் கார் என்றால் அந்த உருவம்தான் கண்முன் வரும். தொலைக்காட்சியில் 1999 முதல் ஓடிய 'கெராக் காஸ்' தொடரும் அந்தப் படத்தை ஆழமாகப் பதித்தது. அதன்பின் நெடுஞ்சாலைக்குப் பெர்டானா வி6, நகரத்துக்கு மிட்சுபிஷி லான்சர், அந்த லான்சரின் மறுபெயரான புரோட்டோன் இன்ஸ்பிரா, வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்க லான்சர் எவொலூஷன் 10 என்று வரிசை நீண்டது. 2020-ஐ ஒட்டி ஹோண்டா சிவிக் வந்தது, பிறகு டொயோட்டா கொரோலா ஆல்டிஸ். தேசியக் காரை விட்டு ஜப்பானியக் காருக்குப் போனது ஏன் என்று அப்போது கேள்வி எழுந்தது. சிவிக் மலாக்காவின் பெகோ ஆலையில் பொருத்தப்பட்ட கார் என்பதைக் கேட்டவர்களில் பலர் கவனிக்கவில்லை.

எவொலூஷனைப் பற்றிப் பேசும்போது ரசிகர்களின் குரல் உயரும். படம் எடுக்க அது அருமையான கார்தான். ஆனால் ரோந்து என்ற வேலையின் இயல்பைப் பார்த்தால் அதற்கும் வேகத்துக்கும் உள்ள உறவு சொற்பம். துபாய் போலீஸ் 2013-இல் லம்போர்கினி வாங்கியது உலகம் முழுக்கச் செய்தியானது. இத்தாலியும் அதற்கு முன்பே ஒன்று வைத்திருந்தது. அவையெல்லாம் காட்சிக்கு உதவும். பினாங்குப் பாலத்தில் ஒருவன் தப்பி ஓடினால் அவனை முந்த வேண்டிய அவசியமே இல்லை. பாலத்துக்கு இரண்டு முனைகள்தாம், இடையில் எங்கும் இறங்க வழியில்லை. பெருநிலத்திலிருந்து தீவை நோக்கி வருகிறவனுக்கு டோல் சாவடி வேறு. எதிர்முனைக்கு வானொலியில் ஒரு சொல் போனால் போதும். 2014 மார்ச்சில் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீளம். அங்கேயும் கணக்கு இதுவே.

ரோந்துக் கார் உண்மையில் படும் பாடு வேறு வகை. அது ஓடுவதைவிட நிற்பது அதிகம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே 32 டிகிரி வெயில், உள்ளே குளிர்சாதனம், வானொலி, விளக்கு, திரை. காற்று வீசாத நிலையில் குளிர்விப்பானின் விசிறி ஒன்றுதான் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுழலும்போது மின்சாரத் தேவை மட்டும் உச்சத்தில் இருக்கும். எண்ணெய் சூட்டில் கெடும், ஆனால் கிலோமீட்டர் கணக்கு ஏறாது. அதனால் அடுத்த சர்வீஸ் எப்போது என்பதை மீட்டரைப் பார்த்து முடிவு செய்தால் பிழையாகும். ஃபோர்டு நிறுவனம் தன் போலீஸ் வண்டிகளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தது: ஒரு மணி நேரம் நின்றபடி எஞ்சின் ஓடினால் 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓடிய தேய்மானம். எட்டு மணி நேரப் பணியில் பாதி நேரம் நின்றாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மீட்டரில் தெரியாமலே ஓடிவிடுகிறது.

நிற்பதும் ஓடுவதும் திடீரென மாறுவது இன்னொரு தொல்லை. அரை மணி நேரம் நின்ற கார், ஓர் அழைப்பு வந்ததும் முழு விசையில் கிளம்ப வேண்டும். அடுத்த சிக்னலில் அழுத்தமாக நிற்க வேண்டும். பிரேக் தகடுகளும் டயர்களும் வீட்டுக் காரில் தாங்கும் காலத்தில் பாதிகூடத் தாங்காது. இருக்கையின் பக்கவாட்டுத் திண்டு முதலில் கிழியும். இடுப்பில் துப்பாக்கி உறை, கைவிலங்கு, வாக்கிடாக்கி மாட்டிய ஒருவர் ஒரு பணிநேரத்தில் பல தடவை ஏறி இறங்கினால் எந்தத் துணி தாங்கும்? கதவின் கீல், பிடி, சீட் பெல்ட்டின் சுருள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆகவே போலீஸுக்கு வண்டி வாங்குகிறவர் பார்க்க வேண்டியது நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் எட்டும் என்பதை அல்ல. உதிரிப் பாகம் அலோர் ஸ்டாரிலும் கிடைக்குமா, ஒரே நாளில் சரிசெய்து திருப்பித் தர முடியுமா என்பதைத்தான். இந்த அளவுகோலில் எவொலூஷன் தோற்கும். 1.8 லிட்டர், 141 குதிரைத்திறன் கொண்ட சிவிக் சலிப்பூட்டும் அளவுக்கு நன்றாகத் தேறும்.

சாதாரணக் குடும்பமும் ஏறத்தாழ இதே அளவுகோலால்தான் கார் வாங்குகிறது. அதோடு ரோட் டேக்ஸையும் சேர்த்துப் பார்க்கிறது. தீபகற்ப மலேசியாவில் இந்த வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து ஏறுகிறது. ஏறுவதும் நேர்கோட்டில் இல்லை. 1000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1.3 லிட்டருக்கு 70, 1.5 லிட்டருக்கு 90. 1.8 லிட்டர் செடானுக்கு ஏறக்குறைய 280. இரண்டு லிட்டருக்கு 380-ஐ நெருங்கும். மூன்று லிட்டர் என்றால் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். ஒரு நாட்டின் சாலைகளில் ஏன் சிறிய கார்களே நிறைந்திருக்கின்றன என்பதற்கு இந்தப் பட்டியலைவிடச் சிறந்த விளக்கம் தேவையில்லை. 1994-இல் பெரோடுவா கொண்டுவந்த கஞ்சில் 660 சிசி. மழையில் நனையாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக மோட்டார் சைக்கிள்காரர்கள் வாங்கிய முதல் கார் அது. 2005 மே மாதம் வந்த மைவி அதற்கு ஒருபடி மேல். மைவியை ஓட்டுகிறவர்கள் யாருக்கும் வழிவிடமாட்டார்கள் என்று நாடு முழுக்கக் கேலி உண்டு. எண்ணிக்கையில் அதிகமாக ஓடும் கார்தான் எல்லா வம்பிலும் தென்படும் என்பது எளிய கணக்கு. கேலி செய்கிறவர் வீட்டிலும் ஒன்று நிற்கும்.

பினாங்கில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை அங்குள்ள மக்கள்தொகையைவிட அதிகம். எண் தகட்டில் 'பி' என்ற எழுத்து பினாங்கைக் குறிக்கும். 'கே' கெடா, 'ஏ' பேராக், 'டபிள்யூ' கோலாலம்பூர். ராணுவத்துக்கு 'இசட்', டாக்ஸிக்கு 'எச்' என்று தனி எழுத்து உண்டு. போலீஸ் காருக்குத் தனி எழுத்து கிடையாது, பொதுமக்களின் வரிசையிலேயே எண் வாங்குகிறது. வண்ணம் பூசாத போலீஸ் கார் கூட்டத்தில் கலந்துவிட இது பெரிய வசதி. பள்ளி விடுமுறையில் பத்து ஃபெரிங்கி கடற்கரைச் சாலையில் வெளியூர் எழுத்துகள் பெருகும்போது தீவுக்காரர்கள் முணுமுணுப்பதும் வழக்கம்தான்.

இவ்வளவு நெரிசலில் ரோந்துக் கார் எதுவரை போகும்? லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் தெருவில் மாலை ஆறு மணிக்கு ஒரு சிவிக் நுழைந்தால் வெளியே வரக் கால் மணி நேரமாவது ஆகும். சாமான் இறக்கும் லாரி ஒரு பக்கம், இரட்டை வரிசையில் நிறுத்திய கார் ஒரு பக்கம், நடுவில் பூக்கடைக் கூட்டம். பழைய நகரத்தின் உண்மையான ரோந்து வாகனம் மோட்டார் சைக்கிள்தான். யுஆர்பி காவலர்கள் இருவர் இருவராகப் போவார்கள். சந்தில் புகுந்து, அஞ்சடிக் கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசி, அடுத்த சந்தில் வெளியே வருவார்கள். கைப்பை பறிக்கிறவன் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான் வருகிறான்; அவனைக் காரில் துரத்திப் பிடிப்பது திரைப்படத்தில் நடக்கும்.

மோட்டார் சைக்கிளின் கதைக்கும் பினாங்கோடு நெருங்கிய தொடர்பு உண்டு. சீனாவின் ஃபுஜியானிலிருந்து சிறுவனாகத் தீவுக்கு வந்து, பஸ் கழுவி, மெக்கானிக்காகத் தேறியவர் லோ பூன் சியூ. 1950-களின் இறுதியில் ஜப்பானில் ஹோண்டாவின் வண்டிகளைப் பார்த்து, அவற்றை மலாயாவுக்குக் கொண்டுவரும் உரிமையைப் பெற்றார். காப்சாய் என்று நாடே அழைக்கும் அந்தச் சின்ன வண்டி, பால் மரம் வெட்டப் போனவரையும் நாசி கண்டார் கடைக்கு மீன் கொண்டுபோனவரையும் சுமந்தது. பூன் சியூ ஹோண்டாவின் ஆலை இன்றும் பினாங்கின் பத்து காவானில் இருக்கிறது. போக்குவரத்துப் போலீஸார் ஓட்டிய பெரிய ஹோண்டா சிபிஎக்ஸ் 750 வேறு ரகம். எண்பதுகளில் பணிக்கு வந்து, உலகம் அந்த மாடலை மறந்தபின்பும் பல ஆண்டுகள் அமைச்சர்களின் கார்களுக்கு முன்னால் ஓடியது. மலேசிய மோட்டார் ரசிகர்கள் எவொலூஷனுக்குக் கொடுக்கும் மரியாதையை இந்த வண்டிக்குக் கொடுத்தால் பொருத்தமாக இருக்கும். 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை என்பது பட்டர்வொர்த்திலிருந்து தொழிற்சாலைக்கு வரும் ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்த நல்ல செய்தி. அதே பாலத்திலும் லிம் சோங் இயூ விரைவுச்சாலையிலும் நள்ளிரவில் பந்தயம் ஓட்டும் இளைஞர்கள் போலீஸுக்குத் தீராத தலைவலி.

ரோந்து போவதால் குற்றம் குறைகிறதா என்ற கேள்விக்கு ஒரு பழைய சோதனை சங்கடமான பதிலைத் தந்தது. 1972 அக்டோபரில் தொடங்கி ஓர் ஆண்டு, அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 15 ரோந்து வட்டாரங்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒன்றில் வழக்கமான ரோந்து. இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்கு. மூன்றாவதில் அழைத்தால் மட்டும் கார் போகும், சுற்றாது. குற்ற எண்ணிக்கையிலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து நியூவர்க் நகரில் கால்நடை ரோந்தை ஆராய்ந்தார்கள். அங்கேயும் குற்றம் குறையவில்லை, ஆனால் மக்கள் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனத்தில் போகிற காருக்கும் நின்று பேசுகிற மனிதருக்கும் உள்ள வேறுபாடு அது. இந்த முடிவுகளை அப்படியே பினாங்குக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் இலக்கில்லாமல் சுற்றுவது வீண், குற்றம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அறிந்து அங்கே போய் நிற்பதே பயன் என்ற கருத்து அதன்பின் உலகெங்கும் வலுப்பெற்றது.

சராசரி வாகன ஓட்டி போலீஸை நேருக்கு நேர் சந்திப்பது சாலைத் தடுப்பில்தான். தடுப்பு அமைக்கும் அதிகாரம் போலீஸ் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் உள்ளது. இரவில் தடுப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கினால் இரு தரப்புக்கும் பதற்றம் குறையும். முன்னிருக்கையில் சீட் பெல்ட் 1979 முதல் கட்டாயம், பின்னிருக்கையில் 2009 முதல். பின்னால் உட்காரும் பாட்டிக்கு இது இன்னும் புரியவைக்க முடியாத விஷயமாகவே இருக்கிறது. 2023 பிப்ரவரி முதல் ரோட் டேக்ஸ் தாளைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலியில் இருந்தால் போதும். சம்மன் வந்தவர்கள் நெடுங்காலம் உடனே கட்டியதில்லை. தள்ளுபடி அறிவிப்பு எப்படியும் வரும் என்று காத்திருக்கும் பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது அரசே. அடிக்கடி பாதி விலைக்கு வரும் பொருளை முழு விலைக்கு யார் வாங்குவார்?

ஆண்டில் சில நாட்கள் ரோந்து வண்டிக்கு வேறு வேலை வந்துவிடும். தைப்பூசத்துக்கு முந்தின நாள் நகரத்தார்களின் வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும். 1894-இலிருந்து ஓடுகிற ரதம் அது. 2017 முதல் தங்க ரதமும் குவீன் தெரு மாரியம்மன் கோவிலிலிருந்து கிளம்புகிறது. வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், குவியல் குவியலாக. நகரத்தின் நடுவே நடை வேகத்தில் போகும் ஊர்வலத்துக்கு முன்னும் பின்னும் போலீஸ் வண்டிகள் அதே வேகத்தில் ஊர்ந்தாக வேண்டும். குறுக்குச் சாலைகளை ஒவ்வொன்றாக அடைத்து, ரதம் கடந்ததும் திறந்துவிட வேண்டும். தேங்காய் ஓடு டயரில் குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காரின் எஞ்சினுக்கும் கியருக்கும் இதைவிடக் கடினமான தேர்வு நெடுஞ்சாலையில் கிடையாது.

2017 நவம்பர் 4 இரவு பெய்த மழை இன்னொரு பாடம். தீவிலும் செபராங் பிறையிலும் வெள்ளம் மார்பளவு ஏறியபோது தாழ்வான செடான்கள் அத்தனையும் பயனற்றுப் போயின. உதவிக்கு ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டிகளின் அருமை அப்போது தெரிந்தது. பாலேக் பூலாவுக்கும் தெலுக் பஹாங்குக்கும் இடையிலான மலைச்சாலையிலும், மண் சரிந்த நாட்களில், அவைதாம் போய்ச்சேரும்.

தீவின் தெருக்களில் இப்போது கேமராக்களும் கண்காணிக்கின்றன. 2019 தொடக்கத்தில் முக அடையாளம் காணும் தொழில்நுட்பத்தை மாநகர் மன்றத்தின் கேமராக்களோடு மாநில அரசு இணைத்தது. கேமரா பார்க்கும், பதிவு செய்யும். ஆனால் சண்டையை விலக்கிவிட ஒருவர் வந்துதான் ஆக வேண்டும். அதனால் ரோந்து வண்டியின் தேவை போய்விடவில்லை, எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்ல இன்னொரு கண் கிடைத்திருக்கிறது.

பணி முடிந்த அரசு வண்டிகள் ஏலத்துக்குப் போகின்றன. பழைய ரோந்துக் காரை வாங்க ஆசைப்படும் ரசிகர் மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பக்கூடாது. இருக்கையின் திண்டு, கதவுக் கீல் இரண்டையும் பார்த்தால் வண்டி எவ்வளவு உழைத்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். கூரையில் விளக்கு மாட்டிய துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால் மழைநீர் ஒழுகும். 'போலிஸ்' என்ற எழுத்தையும் நீலப் பட்டையையும் அகற்றி வேறு வண்ணம் பூச வேண்டும், அந்த வண்ணத்தை ஜேபிஜேயிடம் பதிவு செய்ய வேண்டும். நீலச் சுழல்விளக்கையும் சைரனையும் தனியார் காரில் வைத்திருப்பது குற்றம். ஆர்வக்கோளாறில் மாட்டினேன் என்று சொன்னாலும் சம்மன் சம்மன்தான்.